இரண்டாவது இயந்திரம்

காற்றடைத்த இரப்பர்ப் படகைப் பற்றி ஒரு பங்குத்தந்தை எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஈரோட்டைச் சூழ்ந்த காவிரிக்கரையில் பணிபுரிந்தோர் வியக்கமாட்டார்கள். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கன அடி நீர் வெளியேறியது. பவானியிலும் கருங்கல்பாளையத்திலும் தாழ்வான தெருக்களில் ஆறு வீடுகளுக்குள் புகுந்தது.

2018இல் கேரள மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரை மீட்ட செய்தி நம் பங்கு இளைஞர்களின் உள்ளத்தைத் தொட்டது. நன்கொடை திரட்டிச் சிறு இரப்பர்ப் படகொன்றும் 15 குதிரைத்திறன் இயந்திரமும் வாங்கினர். உதவிக்கு இன்னொரு சிறிய இயந்திரமும் வேண்டும் என்றனர். நாம் மறுத்தோம். செலவு ஒரு காரணம். மேலும், 2.5 குதிரைத்திறன் இயந்திரமே 17, 18 கிலோ இருக்கும். பெட்ரோலும் சேர்ந்தால் ஒரு குழந்தையின் எடை. மீட்கப் போகும் படகில் குழந்தையின் இடத்தை இரும்புக்குக் கொடுப்பதா என்று பங்குப்பேரவையில் வினவினோம். சொல் நயமாக இருந்தது. எவரும் மறுத்துப் பேசவில்லை.

2022இல், அதிகாரிகளின் அனுமதியோடு, நீர் சூழ்ந்த வீடுகளுக்கு உணவுப் பொட்டலங்கள் கொண்டு சென்றோம். திரும்புகையில் ஒரு மூதாட்டியும் இரு சிறுவரும் படகில் இருந்தனர். ஓட்டியவர் பரம்பரையாகப் பரிசல் விடும் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர். பாதி வழியில் இயந்திரம் நின்றது. வெள்ளத்தில் மிதந்த சேலையொன்று விசிறியில் சுற்றி இறுகிவிட்டிருந்தது. துடுப்பை எடுத்தோம். "தண்ணி இழுக்கறப்ப துடுப்பு நிக்காதுங்க சாமி, கல்லை விடுங்க" என்றவர், நாம் எழுமுன் தாமே நங்கூரத்தை முன்பக்கமாக இறக்கினார். இழுப்பு குறைந்த ஓரநீர் ஆதலால் கயிறு தாங்கியது.

புனித பவுல் ஏறிச்சென்ற கப்பல் புயலில் சிக்கியபோது, மாலுமிகள் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கியதாகத் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம் கூறும். குருமடத்தில் அதற்கு விளக்கவுரை படித்தவர் நாம். ஓடும் ஆற்றில் இச்சிறு படகில் அப்படிச் செய்தால், இயந்திரம் மாட்டிய பின்பலகையின் மேலேறி நீர் உள்ளே புகுந்துவிடும் என்பதைப் பரிசல்காரரிடமே கற்றோம்.

கத்திக்கும் அந்தச் சேலை மசியவில்லை. மூதாட்டி நம் அங்கியின் கையைப் பற்றிக்கொண்டு, "கரை சேந்துருவமுங்களா சாமி?" என்று கேட்டார். "சேர்ந்துவிடுவோம் அம்மா" என்றோம். எதை நம்பி அப்படிச் சொன்னோம் என்று இன்றும் நமக்குத் தெரியாது. அரைமணி கழித்துத் தீயணைப்புப் படையினரின் படகு நம்மைக் கட்டி இழுத்துச் சென்றது. பேரவையில் நாம் பேசிய நயமான வாக்கியம் அந்த அரைமணியில் பலமுறை நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதமே இரண்டாவது இயந்திரத்தை வாங்கினோம். வெள்ளத்தை எதிர்த்து ஏற அதற்கு வலுவில்லை; சாய்வாகக் கரைபக்கம் ஒதுங்க அது போதும். இரண்டையும் பின்பலகையில் மாட்டினால் பின்பாரம் ஏறி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால், சிறியதைப் படகின் நடுவில் கட்டி வைக்கிறோம். முதல் இயந்திரம் நின்றால் நங்கூரத்தை இறக்கி, அதை மேலே சாய்த்து, அதனருகில் இதை மாட்டவேண்டும். எரிபொருளும் தனியே இருக்கவேண்டும். ஒரே கலனில் நீர் கலந்தால் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும் அல்லவா?

இத்தனையும் செய்து, ஓராண்டு அதை மறந்தோம். பிறகு கயிற்றை இழுத்தால் உயிர் வரவில்லை. பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்திருந்தது. உதவிக்கென்று வாங்கியது வெறும் 18 கிலோ சுமையாகக் கிடந்தது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், கோயிலின் பின்புறம் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் அதை இறக்கிப் பத்து நிமிடம் ஓடவிடுகிறோம். மறைக்கல்விக்கு வரும் சிறுவர் கூட்டமாகப் பார்த்து நிற்பர். புகை கோயிலுக்குள் வருவதாக ஒரு முறையீடும் உண்டு, அது உண்மைதான்.

ஆனால் அந்தப் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில் மேட்டூர் மீண்டும் நிரம்பி, வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தபோது, படகு மறுபடியும் சென்றது. ஒரு மொட்டைமாடியில் ஐவர் நின்றனர். படகு நால்வரைத் தாங்கும். இயந்திரத்தை இறக்கிவிட்டால் ஐந்தாவது ஆளும் ஏறலாம். நாம் பரிசல்காரரைப் பார்த்தோம். "வேண்டாமுங்க சாமி" என்றார். பத்து வயதுப் பையன் ஒருவன், "நான் நிக்கறனுங்க" என்று தானாகவே பின்வாங்கினான். அவனோடு நாமும் மாடியில் இறங்கிக்கொண்டோம்.

படகு திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவன் நம்மிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: அந்தச் சின்ன மோட்டார் எத்தனை கிலோ என்று.