யார் யாரோடு போட்டியிடுவது?

கிள்ளையிலிருந்து சிதம்பரம் செல்லும் காலைப் பேருந்தில், அண்ணாமலை நகர் நிறுத்தத்தில் ஏறுபவர்கள் நாங்கள் ஐவர். கிள்ளையிலேயே ஏறி எங்களுக்கு இடம் பிடித்து வைப்பவள் ஒருத்தி. ஆக அறுவர். பள்ளி வாயிலை அடைவதற்குள் தீர்க்கப்படாத உலகப் பிரச்சினை எதுவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் கொள்கை. ஆனால் இவ்வாண்டு ஒரு பிரச்சினை எங்களை வாரக்கணக்கில் திணற வைத்துவிட்டது. அது விண்ட்சர்ஃபிங் என்னும் பாய்மரப் பலகைப் போட்டியைப் பற்றியது. சிரிக்காதீர்கள், தோழியரே! எங்களில் எவரும் அப்பலகையின் மேல் கால் வைத்ததில்லை என்பது உண்மையே.

வாதம் தொடங்கியது கடலில் அன்று, எடை பார்க்கும் இயந்திரத்தில். வெளியூரில் நடந்த ஒரு சிலம்பப் போட்டிக்கு எங்களில் ஒருத்தி சென்றாள். குறைந்த எடைப் பிரிவில் சேர்ந்தால் வெற்றி எளிது என்று யாரோ சொல்ல, இரண்டு நாள் சோறு உண்ணாமல் இருந்தாள். எடை குறைந்தது. களத்தில் மயங்கியும் விழுந்தாள். சமமானவர்களைச் சேர்த்து வைக்க ஏற்பட்ட பிரிவு, ஒரு பெண்ணைப் பட்டினி போட்டது எங்களுக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் எதை வைத்துத்தான் பிரிப்பது? வயதா, எடையா, திறமையா?

இதை எங்கள் இயற்பியல் சகோதரியிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல், "காற்றையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள், இன்னும் சிக்கலாகும்" என்று பாய்மரப் பலகையை உதாரணம் காட்டினார். அதிலிருந்துதான் இந்தப் பைத்தியம்.

மெல்லிய காற்றில் எடை குறைந்தவரின் பலகை விரைவில் நீரைவிட்டு எழும்பி வழுக்கி ஓடும், கனத்தவர் பின்தங்குவார். காற்று பலமானால் நிலைமை தலைகீழ். பாயின் இழுப்புக்கு எதிராகச் சாய்ந்து நிற்க உடல் எடை உதவும். மெலிந்தவர் பாயோடு தூக்கி எறியப்படுவார். எனவே ஒரே பிரிவில் எல்லோரையும் விட்டால், வென்றது ஆளா அன்றைய காற்றா என்றே சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஹாய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கிய பலகைக்கான பந்தயங்களில் எடைவாரியாகப் பிரிவுகள் வைத்ததற்குக் காரணம் இதுவே.

ஒலிம்பிக்கில் அந்த எடைப் பிரிவுகள் இல்லை. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றபோது பெண்களுக்கென்று தனிப் போட்டிகூட இல்லை. 1988-இல் சியோலிலும் இல்லை. அங்கே தங்கம் வென்றவர் நியூசிலாந்தின் புரூஸ் கெண்டல். 1992-இல் பார்சிலோனாவில் மகளிர் பிரிவு வந்தது. அதில் தங்கம் வென்றவர் யார் தெரியுமா? அவருடைய தங்கை பார்பரா! நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அப்பிரிவு இருந்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் அரை மணி நேரம் பேசினோம்.

ஆட்களை மட்டும்தான் பிரிக்க வேண்டுமா? எங்கள் கிள்ளைத் தோழி தன் தாத்தாவிடம் கேட்டு வந்தாள். மோட்டார் வருவதற்கு முன்பு பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டியவர் அவர். "வாடை முறுகினால் பாயைச் சுருக்குவோம், ஆளையா மாத்துவோம்?" என்றாராம். அந்தக் கிழவர் சொன்னதைத்தான் உலகமும் செய்கிறது. நம் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டும் ஐ.எல்.சி.ஏ. 6 படகையும், வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன் ஓட்டும் ஐ.எல்.சி.ஏ. 7 படகையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உடற்பகுதி ஒன்றே. பாய்தான் வேறு: ஒன்றுக்கு 5.76 சதுர மீட்டர், மற்றதற்கு 7.06. இளையோருக்கான ஐ.எல்.சி.ஏ. 4-க்கு 4.7 மட்டுமே. 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நேஹா தாக்கூர் அந்தச் சிறிய பாயில் வெள்ளி வென்றார். அதே போட்டியில் பாய்மரப் பலகையில் ஈபாத் அலி வெண்கலம் பெற்றார்.

பலகையிலும் இந்த ஏற்பாடு உண்டு. சிறுவர் சிறுமியருக்கான டெக்னோ 293 பிரிவில் 13 வயதுக்குட்பட்டோருக்கு 5.8 சதுர மீட்டர், 15-க்குட்பட்டோருக்கு 6.8, 17-க்குட்பட்டோருக்கு 7.8. பெரியவர்களுக்கு இவ்வளவு கருணை இல்லை. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்காக, நீருக்கடியில் இறக்கை பொருத்தித் தண்ணீருக்கு மேலே பறக்கும் பலகையைக் கொண்டுவந்தார்கள். அதற்குக் கனமான உடல் வேண்டுமென்று, அதுவரை மெலிந்திருந்த வீரர்கள் வலிந்து உண்டு எடை கூட்டினார்களாம். எங்கள் சிலம்பத் தோழி இதைக் கேட்டு, "அங்கே பிறந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டாள்.

திறமையால் பிரிக்கும் முறையும் இருக்கிறது. வீரர்கள் அதிகமாக இருந்தால், முதலில் மஞ்சள், நீலம் என்று குழுக்களாகக் கலந்து ஓடவிட்டு, பிறகு முன்னணியினரைப் பொன் அணியிலும் மற்றவர்களை வெள்ளி அணியிலும் சேர்ப்பார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுவே. இரண்டாம் அணியில் இருப்பவளுக்கும் தன் நிகர்த்தவர்களோடு ஓடி முதலாவதாக வரும் இன்பம் கிடைக்கிறதே! எப்போதும் பதினெட்டாவதாக வருபவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இறுதியில், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் நாங்களே ஒரு பந்தயம் நடத்துவதாக வைத்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டோம். எடை இயந்திரம் கூடாது என்று ஒருமனதாக முடிவு. வயதுப்படி பாய், முதல் சில ஓட்டங்களுக்குப் பின் பொன், வெள்ளி. ஐந்து பெயர்களை எழுதி முடித்தோம். ஆறாவது பெயரில் பேனா நின்றது. எங்களிலேயே மிகச் சிறியவள் அவள். வயது 16, எடை 38 கிலோ. எங்கள் விதிப்படி அவளுக்கு 7.8 சதுர மீட்டர் பாய். பலத்த கொண்டல் அடித்தால் பாயோடு பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில்தான் போய் விழுவாள். அவளுக்காக மட்டும் விதியைத் தளர்த்தலாமா என்று மூவர், கூடாது என்று இருவர். பேருந்து பள்ளிக்கு வந்துவிட்டது. பிறகுதான் அவளையே கேட்கத் தோன்றியது.

"காற்று குறைவாக இருக்கும் நாளில் பந்தயம் வையுங்கள். பெரிய பாயே இருக்கட்டும்" என்று சொல்லி இறங்கிப் போனாள்.