தினமும் நடந்த தட்டு

சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து விடியுமுன் கிளம்பி ஜூரோங் தீவுக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஏழு தீவுகளை இணைத்து உருவாக்கிய இடம் அது. அங்கே கடற்காற்றும் ரசாயன ஆவியும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும்.

போன மாதம் பம்பு மேடையில் ஒரு இரும்பு கிரேட்டிங்கை, அதாவது கால் வைத்து நடக்கும் கம்பிவலைத் தட்டை, கழற்றினோம். மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அடியில், சட்டத்தில் உட்காரும் முனை அப்பளமாக உதிர்ந்தது. அதன் மேல்தான் எல்லாரும் தினமும் நடந்திருக்கிறோம். வயிறு கலங்கிவிட்டது.

இப்போது அங்கே மஞ்சள் நிற எஃப்.ஆர்.பி. கிரேட்டிங். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்தது. துருப்பிடிக்காது, எடையும் குறைவு, மேலே மணல் பதித்திருப்பதால் மழையிலும் கால் பிடித்து நிற்கும். வெட்டும்போது தீப்பொறி பறக்காது. ஆனால் அந்தக் கண்ணாடித் தூசி தோலில் பட்டால் ராத்திரியெல்லாம் அரிக்கும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தம்பிகளை வெட்ட விடமாட்டேன்.

இன்னொன்று, அண்ணன்மாரே: இது இரும்பைவிட அதிகம் வளையும். பழைய சட்டத்தில் அப்படியே தூக்கிப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தாங்கிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். தீ விபத்தில் தப்பிக்கும் பாதை என்றால் தீயைத் தாங்கும் பினாலிக் பிசின் வகையா என்று கேளுங்கள். தட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப்புகளையும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள்.