வாரிசு தேடும் வனம்

காட்டை அழித்தால்தான் கழனி உண்டாகும் என்பது உலகெங்கும் குடியானவர்கள் கண்ட வழி. அந்த வழியை விட்டு விலகிய பிரதேசம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவிலே, பிரேஜில் தேசத்தின் கீழ்க்கரையில் உள்ள பாஹியா மாகாணத்தின் தென்பகுதிதான் அது. அங்கே பெருமரங்களை நிற்க விட்டு, அவற்றின் நிழலிலே கொக்கோ பயிரிடுகிறார்கள்.

இல்யேயுஸ் துறைமுகத்திலிருந்து மேற்கே இட்டபூனா நகருக்குச் செல்லும் சாலையில் நாம் பிரயாணம் செய்தோம். ஒரு பக்கம் காஷோயெய்ரா நதி பாறைகளினூடே சலசலத்து ஓடுகிறது. மறு பக்கம் அடர்ந்த காடு. காடு என்றே நினைத்தோம். உள்ளே நுழைந்து பார்த்த பிறகுதான் அது தோட்டம் என்பது விளங்கிற்று. மேலே வானளாவிய மரங்கள். அவற்றின் கிளைகளில் பாசியும் ஒட்டுச் செடிகளும். கீழே வரிசையென்று சொல்ல முடியாத வரிசையில் கொக்கோ மரங்கள். பலாவைப் போலவே கொக்கோவும் அடிமரத்திலே பூத்துக் காய்க்கிறது. ஈரச் சருகிலே பிறக்கும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு பூச்சிதான் அந்தச் சிறு பூக்களைக் காயாக்குகிறது. சருகில்லையேல் பூச்சியில்லை, பூச்சியில்லையேல் குழந்தைகள் கேட்கும் சாக்கொலேட்டும் இல்லை!

இந்தச் சாகுபடிக்குக் 'கப்ரூக்கா' என்று பெயர். 1746-ஆம் ஆண்டில் வடக்கே பாரா பிரதேசத்திலிருந்து கொக்கோ வித்து இங்கே வந்ததாகச் சொல்கிறார்கள். இந்த மண்ணின் வனவளமோ சாமானியமானதன்று. இல்யேயுஸுக்கு வடக்கே ஒரே ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், 450-க்கு மேற்பட்ட மர இனங்களைத் தாவர சாஸ்திரிகள் எண்ணியிருக்கிறார்கள். 1500-ல் போர்த்துக்கேசியர் முதன்முதலில் கால் வைத்ததும் இந்தக் கரையிலேதான். அன்று கடலோரமெங்கும் பரந்திருந்த அட்லாண்டிக் வனத்தில் இன்று நல்ல நிலையில் எஞ்சியிருப்பது எட்டில் ஒரு பங்குதான்.

நிழல் மரங்களிடையே நமக்கு மிகவும் பரிச்சயமான ஒருவரைக் கண்டோம். சாக்ஷாத் பலா மரமே அவர்! போர்த்துக்கேசியர் கப்பலேற்றிக் கொண்டு சென்ற மலையாளத்துச் 'சக்க', இங்கே 'ஜாக்கா' என்ற பெயரோடு குடியுரிமை பெற்றுவிட்டது. அணில் பருமனே உள்ள ஒரு குரங்கினம் இந்தப் பிரதேசத்துக்கே உரியது. உடம்பு கறுப்பு, முகத்தைச் சுற்றிலும் சிங்கத்தின் பிடரிபோல் பொன்மயிர். கிழமரங்களின் பொந்துகளில் அது உறங்குகிறது. பசியெடுத்தால் நம் பலாப்பழத்தையும் ஒரு கை பார்க்கிறது.

இதையெல்லாம் கேட்டு, கப்ரூக்கா ஏதோ ராமராஜ்யத்தின் தோட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. 1888 வரையில் பிரேஜிலில் அடிமை முறை இருந்தது. அதன் பிறகும் நிலம் சில பிரபுக்கள் கையிலும், மண்வெட்டி ஆயிரக்கணக்கான கூலிகள் கையிலுமே இருந்தன. 1912-ல் கொக்கோத் தோட்டத்திலே பிறந்த ஜோர்ஜ் அமாடோ, துப்பாக்கி முனையில் நிலம் கைமாறிய கதைகளை நாவல்களாக எழுதிப் புகழ்பெற்றார். விளைச்சலைப் பெருக்க வேண்டுமென்று அரசாங்க நிபுணர்களும் ஒரு காலத்தில் வனமரங்களைக் குறைத்துவிட்டு, நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த ஒரே வகை மரத்தை நிழலுக்கு நடச் சொன்னார்கள்.

1989-ல் பேரிடி விழுந்தது. 'சூனியக்காரியின் துடைப்பம்' என்னும் பூஞ்சைநோய் கொக்கோவைப் பற்றியது. தளிர்கள் துடைப்பம்போல் கொத்துக் கொத்தாக விகாரமடைந்து கருகின. காய்கள் உள்ளேயே அழுகின. சுமார் 4 லக்ஷம் டன்னாக இருந்த பாஹியாவின் விளைச்சல், 2000-க்குள் ஏறக்குறைய 1 லக்ஷம் டன்னுக்கு இறங்கிவிட்டது. 2 லக்ஷத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பிழைப்பிழந்தார்கள். கடன்பட்ட முதலாளிகள் நிழல் மரங்களை வெட்டி விற்றார்கள்; பல தோட்டங்கள் மாட்டுப் புல்வெளிகளாயின. பயிர் சோறு போட்ட வரையில் காடு நின்றது. பயிர் வீழ்ந்ததும் காடும் வீழ்ந்தது.

நின்ற தோட்டங்களிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு க்ஷயம் உண்டு. கொக்கோவின் அடியில் களை கொத்தும் கத்தி, தானாக முளைக்கும் வனமரக் கன்றையும் களையென்றே கொத்திவிடுகிறது. மேலே பாட்டனார் நிற்கிறார். கீழே பேரன் இல்லை. ஒரு கிழமரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர வாரிசு கிடையாது. ஆகையால் காட்டை வெட்டாமலிருப்பது மட்டும் போதாது. மனிதன் தன் கையால் கன்று நட்டுக் காக்கவும் வேண்டும்.

இதைச் செய்பவர்களில் ஒரு கூட்டத்தார் இட்டபூனாவுக்குத் தெற்கே அரதாக்கா என்ற ஊரின் அருகே இருக்கிறார்கள். 1992-ல் நிலமற்ற கூலிக் குடும்பங்கள் நொடித்துப்போன ஒரு கொக்கோப் பண்ணையில் குடியேறின. அந்தக் குடியிருப்புக்குத் 'தெர்ரா விஸ்தா' என்று பெயர். அவர்கள் நாற்றங்கால் அமைத்து, ஊற்றுக்கண்களிலும் ஆற்றங்கரையிலும் நாட்டு மரங்களை நட்டார்கள்; நிழலிலே கொக்கோவை வளர்த்தார்கள். வெற்று நிலத்தைத் திருத்தும் முறையும் எளியதே. முதலில் வாழையும் மரவள்ளியும். அவை அன்றைய வயிற்றுக்கும் இளங்கன்றின் நிழலுக்கும். பிறகு கொக்கோ, அது சில வருஷங்களில் கைக்காசுக்கு. கூடவே நடும் ஜெக்கித்திபா முதலிய பெருமரங்களோ பேரப் பிள்ளைகளுக்கு.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. கொட்டையைக் கப்பலேற்றிவிட்டு, அன்னியர் செய்த சாக்கொலேட்டை விலைக்கு வாங்குவதே பாஹியாவின் பழைய வழக்கம். பஞ்சை அனுப்பித் துணியை வாங்கிய நமக்கு இந்த வியாபாரத்தின் லக்ஷணத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று தெர்ரா விஸ்தா மக்கள் தங்கள் கொட்டையிலிருந்து தாங்களே சாக்கொலேட் செய்கிறார்கள். 2018-ல் தென் பாஹியாக் கொக்கோவுக்குப் பிரேஜில் அரசு புவிசார் குறியீடும் வழங்கியிருக்கிறது.

கொக்கோ நட்டாலே காடு பிழைக்கும் என்பது பொருளன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் தேசத்துக் காடுகளைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது இதே கொக்கோதான். நிழல் மிகுந்தால் மகசூல் குறையும். கப்ரூக்காவில் ஹெக்டேருக்கு 300 கிலோ கிடைத்தாலே பலருக்குத் திருப்தி. அந்தக் குறைந்த மகசூலுக்கு நியாயமான விலை கிடைக்கும் வரையில்தான் மரங்களுக்கும் ஆயுள்.

உழுகிறவனுக்கு நிலமும், விளைவித்தவனுக்கு விலையும் இருந்தால், கோடரி பிடித்த கையே கன்றும் நடும் என்பதைத் தென் பாஹியாவிலே நேரில் கண்டோம்.