ராக்கெட் பட்டனும் பெரியப்பாவோட மாத்திரையும்

பொட்டி தட்டுற பொழப்புல இருக்கறவங்களுக்கு சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல ஒரு நிரந்தர வேலை உண்டு. பந்தியில ரசத்துக்கு வர்றதுக்குள்ள நாலு பேர் ஃபோனை நீட்டிருவாங்க. "ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, என்னன்னு பாரு." வாங்கிப் பார்த்தா, பாதி ஃபோன்ல ஏற்கெனவே ராக்கெட் படம் போட்ட ஒரு ஆப் இருக்கும். பூஸ்டர், கிளீனர், ஸ்பீடப் என்று ஏதாவது ஒரு பேர். அமுக்கினா ராக்கெட் புகை விட்டுக்கிட்டு மேல போகும். "உங்கள் ஃபோன் இப்போது 38 சதவீதம் வேகம்" என்று பச்சை எழுத்துல வரும். எதை விட 38, எப்படி அளந்தாங்க என்று மட்டும் எங்கேயும் இருக்காது.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த ஆப்கள் ஸ்டார்ட்அப்பை நிஜமாவே வேகமாக்குமா? ஒரே வரியில பதில் வேணும்னா, ஆக்காது. பல நேரம் மெதுவாத்தான் ஆக்கும். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமா பார்க்கலாம்.

முதல்ல, இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தை நினைச்சுப் பாருங்க. லாகின் பண்ணினதும் மெசஞ்சர், பிரிண்டர் சாஃப்ட்வேர், டவுன்லோடு மேனேஜர் என்று வலது ஓரத்துல ஒரு ஊர்வலமே நிக்கும். எம்எஸ்கான்ஃபிக் என்று அடிச்சு, ஸ்டார்ட்அப் பட்டியல்ல நாலு டிக்கை எடுத்துவிட்டா கம்ப்யூட்டர் உண்மையிலேயே சீக்கிரம் தயாராகும். 2012ல வந்த விண்டோஸ் 8ல மைக்ரோசாஃப்டே அந்தப் பட்டியலை டாஸ்க் மேனேஜருக்குள்ள கொண்டுவந்து வெச்சுது. ஆக, அங்கே அது நிஜமான வைத்தியம். அதே மருந்தை ஃபோனுக்கும் பாட்டில்ல அடைச்சு விக்கறதுதான் பிரச்சனை.

ஏன்னா ஆண்ட்ராய்டு எழுந்திரிக்கற விதமே வேற. பவர் பட்டனை அழுத்தினதும் சிப்புக்குள்ளேயே எழுதி வெச்சிருக்கற ஒரு சின்ன புரோகிராம் ஓடும். அது பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர், சிஸ்டத்தை யாரும் கைவெச்சு மாத்தலையே என்று சரிபார்த்துட்டு லினக்ஸ் கெர்னலை ஏத்தும். கெர்னல் 'இனிட்' என்கிற முதல் ப்ராசஸைத் தொடங்கும். இனிட் 'ஸைகோட்'டைத் தொடங்கும். எல்லா ஆப்களுக்கும் பொதுவான சரக்கை முன்கூட்டியே மெமரியில ஏத்தி வெச்சுக்கறது இந்த ஸைகோட்தான். அது சிஸ்டம் சர்வரைத் தொடங்கி, எல்லாம் நிலைக்கு வந்ததும் லாக் ஸ்கிரீன் வரும். நீங்க பின் நம்பர் போட்டுத் திறந்த பிறகு ஆண்ட்ராய்டு ஒரு தண்டோரா போடும்: 'பூட் கம்ப்ளீட்டட்'. எழுந்ததும் ஓடணும்னு நினைக்கற ஆப்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த தண்டோராவைக் கேட்டுத்தான் கிளம்பும்.

நம்ம ராக்கெட் ஆப்புக்கும் அதே தண்டோராதான். கம்பெனி லோகோ வந்து, புள்ளி சுத்தி, நீங்க பொறுமை இழந்து காத்திருந்தீங்களே, அந்த நேரம் முழுக்க அந்த ஆப் ஸ்டோரேஜ்ல தூங்கிட்டு இருந்தது. பந்தி முடிஞ்சு இலை எடுத்தப்புறம் வந்து, "சமையலை சீக்கிரம் முடிச்சு வெச்சது நான்தான்" என்று சொல்ற கதை. அதுமட்டுமில்ல, தண்டோரா கேட்டு எழுந்து ஓடற கூட்டத்துல அதுவும் ஒரு ஆளு. கூட்டத்தைக் குறைக்கறேன்னு வந்து கூட்டத்துல ஒண்ணு கூடியாச்சு.

"சரிப்பா, மத்த ஆப்களை எழுந்திரிக்க விடாம தடுக்குமே?" என்று கேக்கலாம். சாதாரண ஆப்புக்கு அந்த அதிகாரத்தை ஆண்ட்ராய்டு கொடுக்கறதில்லை. ரூட் பண்ணின ஃபோன்ல முடியும். சில கம்பெனி ஃபோன்கள்ல செட்டிங்ஸ்லயே 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒரு பட்டியல் இருக்கும், அது வேலை செய்யும், ஏன்னா அது சிஸ்டத்தோட பாகம். ஆனா அதையும் யோசிச்சுத்தான் தொடணும். ஃபோனை அணைச்சுப் போட்டா, ஆப்கள் வெச்சிருந்த அலாரம் எல்லாம் அழிஞ்சுபோகும். தண்டோரா கேட்டு எழுந்துதான் அதுங்க திரும்பவும் அலாரம் வைக்கணும். ஆக, எழுந்திரிக்கற எல்லாமே தண்டச்சோறு இல்லை. இந்த அலாரம் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இன்னொரு ஸ்டார்ட்அப் இருக்கு, ஒவ்வொரு ஆப்பும் திறக்கற நேரம். இதுல மூணு வகை சொல்றாங்க. கோல்ட் ஸ்டார்ட்னா, அந்த ஆப் மெமரியிலேயே இல்லை, ஸைகோட்லேருந்து புது ப்ராசஸ் பிரிஞ்சு, எல்லாத்தையும் அடியிலேருந்து கட்டணும். ஹாட் ஸ்டார்ட்னா, ஆப் மெமரியில அப்படியே உக்காந்திருக்கு, முன்னாடி கூட்டிட்டு வந்தா போதும். வார்ம் இது ரெண்டுக்கும் நடுவுல. ஆப் எழுதறவங்களுக்கு கூகுள் வெச்சிருக்கற எல்லைக்கோடே வித்தியாசத்தைச் சொல்லும். கோல்ட் ஸ்டார்ட் 5 செகண்டைத் தொட்டா மோசம், வார்ம் 2 செகண்டைத் தொட்டா மோசம், ஹாட் 1.5 செகண்டைத் தொட்டாலே மோசம்.

இப்போ ராக்கெட்டை அமுக்கினா என்ன நடக்கும்? பின்னால உக்காந்திருக்கற ஆப்களை எல்லாம் கொன்னு ரேமைக் காலி பண்ணும். "1.2 ஜிபி விடுவிக்கப்பட்டது!" ஆனா ரேம் காலியா கிடக்கறதால எந்தப் புண்ணியமும் இல்லை. லினக்ஸ் குடும்பத்துல காலி ரேம்னா வீணாப்போற ரேம். பின்னால நிக்கற ஆப்கள் நீங்க திரும்ப வருவீங்கன்னுதான் வெச்சிருக்கு. நிஜமாவே இடம் பத்தலைன்னா, எது ரொம்ப முக்கியமில்லையோ அதுலேருந்து கொல்றதுக்கு ஆண்ட்ராய்டுக்குள்ளேயே 'லோ மெமரி கில்லர்' என்று ஒருத்தர் உக்காந்திருக்கார். அதை விட்டுட்டு நீங்க மொத்தமா கொன்னா, ஹாட்டா திறக்க வேண்டிய வாட்ஸப் கோல்டா திறக்கும். பல ஆப்கள் நீங்க தொடாமலேயே திரும்ப எழுந்து வரும், அந்தச் செலவு பேட்டரிக்கு.

கூகுளும் சும்மா இல்லை. 2010ல ஆண்ட்ராய்டு 2.2லேயே டாஸ்க் கில்லர்களோட கையைப் பாதி கட்டியாச்சு. 2015ல வந்த 6.0ல, வேற ஆப்களோட கேஷை மொத்தமா அழிக்கற வழியும் சாதாரண ஆப்களுக்கு அடைபட்டது. 2023ல வந்த ஆண்ட்ராய்டு 14ல, ஒரு ஆப் தன்னோட பேக்ரவுண்ட் ப்ராசஸைத் தவிர வேற யாரோடதையும் கொல்ல முடியாது என்றே ஆக்கிட்டாங்க. ஆக, புது ஃபோன்கள்ல அந்த ராக்கெட் பெரும்பாலும் வெறும் பொம்மைப் படம்தான்.

பொம்மையா மட்டும் இருந்தா விட்டுடலாம். கொல்ற வழி அடைபட்டதும் சில ஆப்கள் கொல்லைப்பக்கமா வந்தாங்க. அக்சஸிபிலிட்டி சர்வீஸ். பார்வைக் குறை உள்ளவங்களுக்கு ஸ்கிரீனைப் படிச்சுச் சொல்லவும், கை வராதவங்களுக்கு பட்டனை அமுக்கவும் உருவாக்கின வசதி அது. அந்த அனுமதியை வாங்கிட்டா, பூஸ்டரே உங்க சார்பா ஒவ்வொரு ஆப்போட செட்டிங்ஸ் பக்கத்துக்கும் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்'பை அமுக்கும். ஸ்கிரீன்ல இருக்கறதைப் படிக்கவும் முடியும். அதே ஃபோன்லதான் நம்ம பேங்க் ஆப்பும் யுபிஐயும் இருக்கு.

இதோட விலை என்ன என்பது எனக்கு எங்க பெரியப்பா மூலமாத்தான் முழுசா புரிஞ்சுது. ரிடையர்ட் வாத்தியார், திருநெல்வேலி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை. நேரத்துக்குச் சாப்பிடணும்னு அவரே தேடி ஒரு மாத்திரை ரிமைண்டர் ஆப்பைப் போட்டு, வருஷக்கணக்கா அதும்படி நடந்தவர். போன தடவை போனப்போ பெரியம்மா தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க, "அட்டையில மாத்திரை குறையவே இல்லை, பாத்துக்கோ. கேட்டா மறந்துட்டேங்காவ." பெரியப்பாகிட்ட பேச்சுவாக்குல கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "வயசாகிட்டுல்லா. மறதி வந்துட்டுல எனக்கு" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாப்பது வருஷத்துக்கு முந்தின மாணவனோட இனிஷியலைக் கூட ஞாபகம் வெச்சிருக்கற மனுஷன்.

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்துல ராக்கெட். "ஏல, அதைத் தொடாத. காலைல எந்திச்சதும் ஒரு அமுக்கு அமுக்கினா ஃபோன் பறக்கும்லா" என்றார். அக்சஸிபிலிட்டி அனுமதி போயிருந்தது. ரிமைண்டர் ஆப்போட விவரப் பக்கத்துக்குப் போனா, 'ஃபோர்ஸ் ஸ்டாப்' பட்டன் மங்கிக் கிடக்கு. அப்படின்னா அது ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருக்கு. ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணின ஆப்போட அலாரம் எல்லாம் ரத்தாகிடும். 2011ல வந்த ஆண்ட்ராய்டு 3.1 காலத்துலேருந்தே, யாராவது கையால திறக்கற வரைக்கும் பூட் தண்டோராகூட அதுக்குக் கேக்காது. தினமும் காலையில பெரியப்பா தன் கையாலேயே மாத்திரை மணியோட கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருந்திருக்கார். மணி அடிக்கலை என்கிறதை, தனக்கு மறதி வந்துட்டது என்று எடுத்துக்கிட்டார்.

"பெரியப்பா, மறந்தது நீங்க இல்லை, இதுதான் மணியை நிறுத்தி வெச்சிருக்கு" என்று காட்டினேன். வாத்தியார் இல்லையா, ஆதாரம் கேட்டார். சரின்னு ராக்கெட்டோட மூணு தடவை, அதை எடுத்துட்டு மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணி, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டுல எழுதினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்ன பின்ன வந்துச்சு. ஆப் இருக்கறதும் இல்லாததும் அந்த முன்ன பின்னக்குள்ளேயே அடங்கிடுச்சு. வாட்ஸப் மட்டும், ராக்கெட் விட்டவுடனே திறந்தா இழுத்துச்சு. நோட்டை மூடிட்டு, "அப்ப இத்தன நாளு சும்மா படமாக்கும் பாத்துட்டு இருந்தேன்?" என்றார். ராத்திரி எட்டரைக்கு மணி அடிச்சது. ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் மாத்திரையை எடுத்தார்.

அவர் ஃபோன் நிஜமாவே மெதுவாத்தான் இருந்தது, அதுவும் உண்மை. காரணம் ஸ்டோரேஜ். குட்மார்னிங் பூ, முருகர், பிள்ளையார், நாட்டு வைத்திய வீடியோ என்று கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருந்தது. ஃப்ளாஷ் மெமரியில எழுதின இடத்து மேலேயே திரும்ப எழுத முடியாது. ஒரு பிளாக்கை மொத்தமா அழிச்சுதான் எழுதணும். காலி இடம் குறைஞ்சா, இருக்கறதை இங்கேயும் அங்கேயும் நகர்த்தியே நேரம் போயிடும். வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாத்தி, தொடாத கேம் ரெண்டும் நியூஸ் ஆப் மூணும் எடுத்தோம். ஹோம் ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியற அளவு சீக்கிரம் வந்தது.

இந்தப் பயத்தை வித்துக் காசு பார்க்கறது ஃபோன்ல தொடங்கினதில்லை. அமெரிக்காவுல 2019 மார்ச்ல ஆஃபீஸ் டிப்போ கடைத்தொடரும், அதுக்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டாட் காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. இலவசமா பிசியை சோதிக்கறோம் என்று ஒரு புரோகிராம். ஆரம்பத்துல "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கா?" மாதிரி நாலு கேள்வி. ஒண்ணுக்கு ஆமான்னு டிக் போட்டாலே பிரச்சனை இருக்கறதா ரிசல்ட் வந்துடும் என்றது அங்கத்திய ஃபெடரல் டிரேட் கமிஷன். நம்ம ஊர்ல 2020 ஜூன் 29ல அரசு தடை பண்ணின 59 ஆப்கள்ல டிக்டாக் பேர்தான் எல்லார் வாயிலேயும் இருந்தது. அதே பட்டியல்ல கிளீன் மாஸ்டரும் டியூ கிளீனரும் டியூ பேட்டரி சேவரும் உண்டு. காரணம் வேகமில்லை, நாட்டுப் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும்.

அப்போ என்னதான் பண்றது? ஸ்டோரேஜ்ல நல்லா இடம் விடுங்க. பயன்படுத்தாத ஆப்பை எடுங்க, எடுக்க முடியாத கம்பெனி ஆப்பை டிஸேபிள் பண்ணுங்க. எப்போவாவது ஒரு ரீஸ்டார்ட். ராத்திரி சார்ஜ்ல போட்டு சும்மா விடுங்க, ஆப்களைச் சீக்கிரம் திறக்கறதுக்கான ஏற்பாடுகளை ஆண்ட்ராய்டு அந்த நேரத்துலதான் பண்ணிக்கும். பெரிய ஃபைல் எதுன்னு காட்டற ஆப் பரவாயில்லை, அது வேகத்தை விக்கலை, இடத்தைக் காட்டுது. ரேமே 2 ஜிபி என்றால் எந்த ஆப்பாலும் அதை 4 ஆக்க முடியாது, கனமான ஆப்களைக் குறைக்கறதுதான் வழி.

முக்கியமா, வீட்டுல பெரியவங்க ஃபோனை ஒரு தடவை வாங்கி, செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டி பக்கத்தைத் திறந்து யார் யார் உக்காந்திருக்காங்க என்று பாருங்க. ரெண்டு நிமிஷம் ஆகாது. இந்த மாதிரி யாருக்காவது மணி நின்னுபோயிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: ஐஃபோன்காரங்க சிரிக்க வேண்டாம் :-) அங்கே ஒரு ஆப் இன்னொரு ஆப்பைத் தொடவே முடியாது. ஆனா எல்லா ஆப்பையும் விரலால மேல தள்ளித் தள்ளி மூடற பழக்கம் உங்ககிட்டயும் இருக்கு. பேட்டரிக்கு அது தேவையா என்று 2016ல ஒருத்தர் மெயில் அனுப்பிக் கேட்டதுக்கு, ஆப்பிளோட கிரெய்க் ஃபெடரிகியே தேவையில்லை என்று பதில் போட்டிருக்கார்.