மறைவில் தாங்கும் மரையாணி

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் நின்றால், மலையினின்று இறங்கும் ஈரக் காற்றோடு வண்டிகளின் இரைச்சலும் வந்து செவியை நிறைக்கும். அவ்விரைச்சலிலும் புல்லட்டின் ஒலியைத் தனியே பிரித்தறியப் பழகியவர்கள் எங்கள் இல்லத்தார். பாட்டனார் விட்டுச்சென்ற பழைய புல்லட்டின் எஞ்சின் தேய்ந்து பயனற்றுப் போகவே, அதே இனத்தைச் சேர்ந்த வேறோர் எஞ்சினை எங்கள் மகன் தேடிக் கொணர்ந்தான். பதிவு அலுவலகத்தின் ஒப்புதலையும் முறைப்படி பெற்றோம். ஆனால் சாக்குப் பையில் வந்த அந்த எஞ்சினோடு, அதனை வண்டியின் சட்டத்தில் பொருத்தும் மரையாணிகளுள் சில வரவில்லை.

"கிடைத்ததைப் போட்டு முடுக்கு, ஓடினால் போதும்" என்று சொன்னவர்கள் நாங்களே. மகன் தயங்கினான், எனினும் எங்கள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தான். ஓரிடத்தில் பொருந்தாத ஆணி ஏறிற்று. மற்றோரிடம் வெறுமையாகவே விடப்பட்டது.

சில வாரங்கள் வண்டி ஓடிற்று. ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின், தங்கையை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் புறப்பட்டான். வழியில் கைப்பிடியின் நடுக்கம் மிகுவதை உணர்ந்து, இறங்கிக் குனிந்து பார்த்தான். எஞ்சினைத் தாங்கும் தகட்டில் மயிரிழைபோல் ஒரு விரிசல்! இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தனர். மகன் எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எங்கள் மனச்சுமை சற்றுக் குறைந்திருக்கும்.

தென்காசியில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் எங்கள் தவற்றை விளக்கினார். இப்பழைய புல்லட்டின் சட்டம் எஞ்சினுக்கு அடியில் தொடர்ந்து செல்வதில்லை. முன்குழாயையும் பின்பகுதியையும் இணைப்பது எஞ்சினேதான். ஆகவே அதைப் பிணைக்கும் ஆணி தளர்ந்தால் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்ததாகும். ஓர் ஆணி இல்லையெனில் அதன் சுமை மற்றவற்றின்மேல் விழும். மேலும், பழைய புல்லட்டின் ஆணிகள் பலவற்றில் அங்குலத்திற்கு 26 மரைகள் உண்டு. கடைகளில் எளிதிற் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் ஆணியிலோ ஏறத்தாழ 17 மரைகளே. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும், ஒன்றின் நட்டை மற்றொன்றில் வலிந்து ஏற்றினால் மரை அழிந்துவிடும்.

அவர் துளைகளை அளந்தார். உறுதிமிக்க எஃகில் ஏற்ற ஆணிகளைக் கடைந்து வாங்கினார். ஆணியின் மரையற்ற பகுதியே துளைக்குள் அமர வேண்டும் என்பதில் கண்டிப்பாயிருந்தார். புதிய தகட்டைப் பொருத்தி, எல்லா ஆணிகளையும் முதலில் கையாலேயே ஏற்றி, எஞ்சின் நேராக அமர்ந்தபின், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சோதிக்குமாறு பணித்தார்.

புல்லட்டை நம் சென்னையில் உருவாக்க என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது 1955-ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாசரேத்துத் தச்சரான அவர் பேசிய ஒரு சொல்லேனும் நற்செய்தி நூல்களில் இல்லை. ஆயினும் திருக்குடும்பத்தை மறைவில் நின்று தாங்கியவர் அவர். அவரது பட்டறையில் "ஓடினால் போதும்" என்ற சொல் ஒலித்திருக்குமோ?

அன்புப் பெற்றோரே, பிறர் கண்ணில் படாத இடம்தானே என்று நாம் விட்டுவிடும் வெற்றிடத்தின் சுமையை நம் பிள்ளைகளே தாங்குகின்றனர். வண்டியில் மட்டுமன்று, இல்லத்திலும் அப்படியே. தவறவிட்ட ஓர் இரவுச் செபம், நிறைவேற்றாத ஒரு வாக்கு, அரைகுறையாய் முடித்த ஒரு வேலை ஆகிய இவை யாவும் காணாமற்போன ஆணிகளே.

இப்பொழுது சனிக்கிழமைதோறும் மகன் திறவுகோலை எடுத்து ஒவ்வோர் ஆணியையும் சோதிக்கிறான். அருகில் விளக்கைப் பிடித்து நிற்பவர்கள் நாங்கள்.