அடையாறு காந்தி நகரில் வெட்டுப்பட்ட நிழல்

திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலில் 5 ரூபாய் டிக்கெட். நான்காவது நிலையம் கஸ்தூரிபா நகர். இறங்கும்போது காலை 10 மணி, சித்திரை வெயில் அதற்குள் ஏறிவிட்டது. காந்தி நகரில் வீடு தேடும் நண்பருக்காகத்தான் போனேன். அவர் அனுப்பியிருந்த விளம்பரத்தில் "மரங்கள் சூழ்ந்த அமைதியான பகுதி" என்று இருந்தது. அது எவ்வளவு உண்மை என்று நடந்தே பார்க்க நினைத்தேன்.

சர்தார் படேல் சாலையைக் கடப்பதற்கே சில நிமிடம் ஆனது. கால்வாய்க் கரைச் சாலையில் திரும்பினால் பக்கிங்காம் கால்வாயின் நாற்றம் கொஞ்ச தூரம் கூடவே வருகிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையின் வாசலில் வெளியூர் ஆட்கள் கையில் ஃபைலோடு காத்திருந்தார்கள். அதைத் தாண்டி உள்தெருவுக்குள் நுழைந்ததும் ஹாரன் சத்தம் மெல்ல அடங்கி, குயிலும் கிளியும் கேட்கத் தொடங்கின. பிரதான சாலையிலிருந்து முந்நூறு மீட்டர்கூட இருக்காது.

இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள், உயரே கிளைகோத்து நிற்கின்றன. புங்க மரத்தடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. நிழல் விழுந்த தார்ச்சாலையில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. பத்தடி தள்ளி, வெயில் பட்ட இடத்தில் ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

இந்தப் பகுதி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தால் உருவானது. அந்தக் காலத்து வீடுகள் சில இன்னும் மிச்சமிருக்கின்றன. இரண்டு கிரவுண்டு மனை, முன்னால் சிட்அவுட், பின்னால் கிணறு, மதிலைத் தாண்டி எட்டிப்பார்க்கும் மாமரம். தெருவின் குளிர்ச்சியில் பாதி இந்தத் தோட்டங்கள் தருவதுதான். ஆனால் நான் நடந்த ஒரு தெருவிலேயே மூன்று வீடுகளைப் பச்சைத் துணி கட்டி இடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழகத்தில் 2019இல் வந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பம் வரும். எட்டுக் காரும் வரும்.

நண்பர் அனுப்பிய விளம்பரத்தில் இருந்த, கட்டி முடித்திருந்த புதிய குடியிருப்பின் வாசலில் ஓர் அடிமரம் கண்ணில் பட்டது. விசாரித்தேன். "வர்தா புயல்ல விழுந்த மரம் சார்," என்றார் காவலாளி. 2016 டிசம்பர் 12இல் அந்தப் புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது உண்மைதான். குனிந்து பார்த்தேன். வெட்டு ரம்பம் போட்டதுபோல மட்டமாக இருந்தது. வேர் துளியும் பெயரவில்லை. வெட்டுவாயில் ஈரம் காயவில்லை, பக்கத்தில் மரத்தூளும் கிடந்தது. அது புயலில் விழுந்த மரமில்லை. இருபது அடி அகல கேட்டுக்கு நேர் எதிரே நின்றதுதான் அதற்கு வினையாகியிருக்கிறது. காவலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார்.

அடுத்த முனையில் இஸ்திரி வண்டி. உருப்படிக்கு 12 ரூபாய். "மரம் இருக்கிறதாலதான் இங்க நிக்கிறேன் சார். அது போச்சுன்னா கரிப்பெட்டியோட வெயில்ல எப்படி நிக்கிறது?" என்றார். அவர் காட்டிய மரத்தைச் சுற்றி, பட்டையை ஒட்டியே சிமென்ட் பூசியிருந்தார்கள். மழைத்தண்ணீர் வேருக்கு இறங்க ஒரு விரற்கடை மண் இல்லை. இப்படி மூச்சுமுட்டும் மரம் அடுத்த புயலில் சாய்ந்தால் பழியையும் காற்றின் மேல்தான் போடுவார்கள்.

நண்பரிடம் சொன்னேன்: அமைதி இருக்கிறது, நிழலும் இருக்கிறது, ஆனால் விளம்பரம் போட்ட கட்டடத்தின் வாசலில் இல்லை. உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். இங்கே வீடு பார்ப்பவர்கள் உச்சிவெயிலில் ஒருமுறை தெருவில் நடந்து பாருங்கள். கேட்டுக்கு எதிரே மரம் நின்றால், அதைச் சுற்றி மூன்றடி மண்ணை விடச் சொல்லிக் கட்டுபவரிடம் கேளுங்கள். யாராவது ரம்பத்தோடு வந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்.