முன்பனி, பின்பனி

மலைக்குக் குடிபோவதாகச் சொன்னபோது நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். எழுத வசதியான இடம் என்றார்கள் சிலர். தப்பி ஓடுகிறாய் என்றார்கள் மற்றவர்கள். சென்னையில் வாடகை கொடுத்து மாளவில்லை என்ற காரணத்தை இரண்டு தரப்புமே பொருட்படுத்தவில்லை. அதற்கு இலக்கிய கௌரவம் போதாது போலிருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைக்கு நடுவே, ஓடு வேய்ந்த இரண்டறை வீடு. அம்மாவும் நானும் ஐப்பசி மழையில் வந்து சேர்ந்தோம். நீலகிரியின் மேற்குச் சரிவுக்கு ஆடி மழை என்றால் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மூன்று வாரம் சுவர் வியர்த்தது. அம்மாவுக்கு 79 வயது. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். அவள் அறிந்த குளிர், மார்கழி விடியலில் கோலம் போட்டு முடிப்பதற்குள் விலகிவிடுகிற குளிர்.

வீடு பழகுவது என்பது முதலில் சமையலறையில்தான் நடந்தது. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக நின்றது. தோசை மாவு இரண்டு நாளானாலும் பொங்கவில்லை. அம்மா பானையைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்போரம் குழந்தையைப் போலக் கிடத்தினாள். பருப்பு வேகவில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்று நான் விளக்கினேன். "கொதிக்கிறது கண்ணுக்குத் தெரியறது, வேகலை" என்றாள். விஞ்ஞானம் சொல்வதும் அதைத்தான்.

அடுத்தது விறகு. இங்கே எரிப்பது சீகையும் கற்பூர மரமும். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டவை. அவர்களுக்கும் இந்தக் குளிருக்கு விறகு வேண்டியிருந்தது. புல்வெளிகளும் சோலைகளும் மறைந்ததற்கு அந்த மரங்களும் தேயிலையும் பெரிய காரணம். இது தெரிந்த பிறகும் இரவில் சீகைக்கட்டை பிடித்துக்கொள்ளும்போது வருகிற நன்றியுணர்வு குறைவதில்லை. தார்மீகக் கோபத்துக்கு உடல் ஓரளவு கதகதப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தோரோவின் 'வால்டன்' பற்றி இந்தப் பக்கங்களில் பேசுபவர்கள் தனிமையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது அவனுடைய கணக்கு. பத்தடிக்குப் பதினைந்தடி வீட்டுக்கு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் ஆயிற்று என்று ஆணி, சுண்ணாம்பு உட்பட எழுதி வைத்திருக்கிறான். 1845இல் குளிர் முற்றுவதற்குள் புகைபோக்கி கட்டி, சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டான். ஆனால் அவன் தனி ஆள். வயதான தாயோடு போயிருந்தால் அந்தப் புத்தகம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் புகைபோக்கி சமையலறைக்கு மட்டும்தான். அம்மா படுக்கும் அறைக்குக் கிடையாது. கார்த்திகைக் கடைசியில் ஒரு இரவு கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தப் போனாள். தேயிலைக்கு உரம் வாங்கிய மீதிக் காசு கொடுக்க வந்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துவிட்டார். படகர், அதிகம் பேசாதவர். "அம்மா, ஜன்னலைச் சாத்தாதீங்க" என்று சொல்லி வெளியே போய் ஒரு சீகைக் குச்சியை ஒடித்து வந்து, நாலு விரற்கடை திறந்திருக்கும்படி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தார். கரி எரிந்து வரும் விஷவாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. விடுதி அறைக்குள் கரி அடுப்போடு தூங்கியவர்கள் இந்த மாதிரி மலைகளில் காலையில் எழாமல் போயிருக்கிறார்கள்.

"குளிருக்குத்தானே நெருப்பு? குளிரையும் கூப்பிட்டு உட்கார வைக்கணுமா?" என்றாள் அம்மா. நான் தூங்கியதும் குச்சியை எடுத்துவிடுவாள். நான் இரண்டு மணிக்கு எழுந்து திரும்ப வைப்பேன். மார்கழி முழுவதும் இது நடந்தது. நான் எழுத வந்த கட்டுரை நடக்கவில்லை.

அந்த நேரங்களில் தூக்கம் வராமல் நெடுநல்வாடையை எடுத்தேன். கல்லூரியில் பாண்டியன் பாசறைக்கும் அரசியின் கட்டிலுக்கும் போகிற அவசரத்தில் முன்பகுதியைத் தாண்டிவிடுவோம். வெள்ளம் வந்து மேட்டுக்குப் பெயர்ந்த கோவலர் நெருப்பில் கை காய்ச்சுகிறார்கள், விசிறி சிலந்திநூல் படிந்து தொங்குகிறது, கதவுகள் தாழிடப்படுகின்றன, பிறகு அகன்ற வாய்த் தடவில் நெருப்பு. தாழிட்ட கதவுக்குள் கணப்பு! அது மாளிகை, காற்றுக்கு வழி இருந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, எழுந்துபோய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு கவிதையை இத்தனை கவலையோடு இதற்கு முன் படித்ததில்லை.

நக்கீரர் எழுதியது கூதிர், மழையும் வாடையும். மார்கழி, தையின் முன்பனியை இந்த ஊர்க்காரர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலில் நீர்ப்பனி. பிறகு, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், உறைபனி. மேகம் போர்வை, அது இல்லையென்றால் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டருகே ஈரம்தான். ஓடைப்பக்கத் தேயிலைமீது உப்பு தூவினாற்போல் வெள்ளை. நம் புதுக்கவிதையில் பனி இப்படி எங்கே விழுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. புல்நுனியில் துளியாக நிற்பதும், மூட்டமாகச் சாலையை மறைப்பதும், ரஷ்ய நாவல்களிலிருந்து பெயர்ந்து வந்து கூரைமேல் குவிவதும் ஒரே சொல். படிமம் என்று அதைப் பாராட்டியும் எழுதியிருக்கிறோம். எதன் படிமம்?

அந்தப் பள்ளத்துத் தேயிலை குச்சி கொடுத்தவருடையது. இளஞ்செடிகளை மட்டும் தாகையால் மூடியிருந்தார். முழுத் தோட்டத்தையும் மூட ஆள் கிடையாது. பேரகணியில் ஹெத்தையம்மன் விழா முடிந்து அவர் திரும்பிய சில நாட்களில் இரண்டு இரவு தொடர்ந்து விழுந்தது. வெயில் ஏற ஏற இலைகள் தீய்ந்ததுபோல் கருத்தன. குளிரில் கருகுவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பச்சைத் தேயிலைக்கு விலையும் இல்லை, இனி இலையும் இல்லை; கவாத்து செய்துவிட்டு மறுபடி துளிர்க்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் அம்மா ஜன்னலைத் திறந்து வைக்கிறாரா என்று கேட்டார்.

தை பிறந்தால் கீழே போய்விடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே எங்கே என்று நான் கேட்கவில்லை. ஊர் வீட்டை விற்றுப் பல வருஷம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும்.

இப்போது மாசி. பகலில் வெயில் உறைக்கிறது, ராத்திரிக் குளிர் விட்டபாடில்லை. கவாத்துக் கத்தியின் சத்தம் பள்ளத்திலிருந்து வருகிறது. நேற்று அம்மா கொல்லைப்பக்கம் போய் மிச்சமிருந்த விறகை எண்ணிப் பார்த்தாள். சித்திரைக்குள் சொல்லிவைத்து இரண்டு வண்டி இறக்கிவிடச் சொன்னாள். பச்சை மரம் காய ஆறு மாசமாவது ஆகும், மழைக்கு முன்னால் அடுக்கிவிட வேண்டுமாம்.